யாருக்கு இந்தக் கண் வைத்தியம்?

விஞ்ஞானம் வளர்கின்றது, அதன் பயன் காலப்போக்கில் எல்லோரையும் சென்றடையும், ஆகவே பொறுத்திருங்கள் என்று கூறுவோர் ஒரு சாரார். புதிய கருவிகள் யாவும் பணக்காரரின் விளையாட்டுப் பொருள்கள். உழைக்கும் மக்களுக்கு அவை வேண்டா என்று கூறுவோர் மற்றொரு சாரார். முதற்சாரார் தம்மை விஞ்ஞானத்தின் நண்பர் என்று கருதுகின்றனர். இரண்டாஞ்சாரார் தம்மை மக்களின் நண்பர் என்று கருதுகின்றனர். இருவரும் வந்து சேரும் முடிவு ஒன்றே என்பதை இருவருமே உணர்வதில்லை. ஏழை காத்திருக்க வேண்டும் என்பதே அம்முடிவு. இவ்விரு கூற்றுக்களையும் மறுக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று மிகச் சிறியது. அதன் நீளம் ஒரு மில்லிமீற்றர்.

எமக்கு நன்னூல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்று நெடுங்காலமாகின்றது. இரு கண்களிலும் புரை படர்ந்து, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்து வாசிக்கும் நிலைக்கு வந்திருந்தார். தனியார் வைத்தியசாலை ஒன்றிலே சோதித்தபோது புரை மட்டுமன்றிக் குளுக்கோமாவும் உண்டென்று கூறினர். புரையை அகற்றும்போதே ஒரு நுண்ணிய குழாயையும் கண்ணுக்குள் வைத்துவிடலாம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பளபளப்பான துண்டுப் பிரசுரம் ஒன்றையும் கொடுத்தனுப்பினர். அதனை வாசித்துக் காட்டும் பொறுப்பு எமக்கு வந்தது. வாசித்து முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“தம்பி, உந்தக் குழாயை வைச்சால் போன பார்வை திரும்புமோ?”

அப்பிரசுரத்தின் எட்டுப் பக்கங்களில் எங்குமே அந்தக் கேள்விக்கு நேரான விடை இருக்கவில்லை. விடை மிக எளியது: திரும்பாது. இந்த ஒரு சொல்லை அச்சிட அவர்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்று ஆராய்ந்தபோதே இக்கட்டுரை பிறந்தது.

நோய்களின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்வோம். கண்புரை என்பது கண்ணின் வில்லை மங்கிப்போதல். அதனை அகற்றிச் செயற்கை வில்லை ஒன்றை வைத்தால் பார்வை மீளும். குளுக்கோமா அத்தகையதன்று. கண்ணினுள்ளே நீர்மய உடனீர் எனப்படும் தெளிந்த திரவம் இடையறாது சுரந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் கோணத்திலுள்ள வலைபோன்ற இழையத்தின் வழியாகச் சிலெம் கால்வாய் என்னும் நுண்குழாயை அடைந்து, அங்கிருந்து குருதியிற் கலக்கின்றது. அவ்வடிகால் தடைப்பட்டால் கண்ணின் அமுக்கம் உயர்கின்றது. பார்வை நரம்பு சிறிது சிறிதாக மடிகின்றது. நோவில்லை, சிவப்பில்லை. பக்கப் பார்வை முதலிற் போகின்றது; நடுப் பார்வை கடைசி வரை நிற்பதால் நோயாளி அறிவதில்லை. மடிந்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றே வைத்தியம் செய்யக்கூடியது. அமுக்கத்தைக் குறைப்பது ஒன்றே அதற்குரிய வழி. உலகிலே குருட்டைத் தரும் நோய்களுள் கண்புரை முதலாவது. மீளாக் குருட்டைத் தருவனவற்றுள் குளுக்கோமா முதலாவது. முதுமையில் இரண்டும் ஒரே கண்ணில் கூடுவது சாதாரணம்.

அமுக்கத்தைக் குறைக்கத் துளிமருந்து உண்டு, லேசர் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. 1968இல் கெயார்ன்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்த முறையில், கண்ணின் வெண்சுவரிலே ஒரு வாயிலமைத்து நீரை வெளிவெண்படலத்தின் கீழ் வடியவிடுவர். வலுவான சிகிச்சை அது. ஆயினும் கிருமித்தொற்று, அமுக்கம் அளவிறந்து தாழ்தல் முதலிய ஆபத்துக்கள் அதற்குண்டு. ஆகவே நோய் முற்றும் வரை பலர் அதனைத் தள்ளிவைத்தனர். துளிமருந்துக்கும் பெருஞ் சத்திரசிகிச்சைக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளியிலேதான் நுண்வழிச் சத்திரசிகிச்சைகள் தோன்றின. புரையை அகற்ற ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் வெட்டு எப்படியும் இடப்படுகின்றது. அதே வெட்டின் வழியே சென்று, இயற்கையான அடிகாலின் அடைப்பை நீக்கிவிடுவதே அவற்றின் உத்தி.

இந்த உத்தி நல்லதா? நல்லது. நாம் இதனைத் தயக்கமின்றிச் சொல்கிறோம். ஒரு முறை விறைப்பு மருந்து, ஒரு முறை சத்திரசிகிச்சைக் கூடம், ஒரு முறை பயணம், ஒரு முறை வேலையிழப்பு. தோட்டத்திலிருந்தோ தீவுப்பகுதியிலிருந்தோ வரும் ஒரு மூதாட்டிக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதைக் கொழும்பிலிருந்து எழுதுவோர் உணர்தல் அரிது. அன்றியும், துளிமருந்து என்பது வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டிய பொருள். 2022இல் இந்நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி மருந்தகங்கள் வெறுமையாய்க் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஒரு சிறு போத்தலின் வருகையிலே தன் பார்வையைத் தொங்கவிட்டிருப்பவனுக்கு, அப்போத்தலின் தேவையைக் குறைக்கும் எந்தச் சிகிச்சையும் ஆடம்பரமன்று. ஆகவே, ‘ஏழைக்கு இது எதற்கு?’ என்று கேட்கும் நண்பர்கள் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களாக.

இனி மற்றச் சாராரிடம் வருவோம்.

2012 ஜூன் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், ‘ஐஸ்டென்ற்’ என்னும் ரைற்றேனியக் குழாய்க்கு அனுமதி வழங்கிற்று. கிளாவ்கோஸ் என்னும் கம்பனியின் உற்பத்தி அது. இளநிலை அல்லது நடுநிலையிலுள்ள திறந்தகோணக் குளுக்கோமாவுக்கு, அதுவும் புரைச் சத்திரசிகிச்சையோடு சேர்த்தே, அதனை வைக்கலாம் என்பது அனுமதியின் நிபந்தனை. அனுமதிக்கு ஆதாரமான ஆய்விலே 240 கண்கள் சேர்க்கப்பட்டன. ஒரு பகுதிக்குப் புரை அகற்றலும் குழாயும். மறு பகுதிக்குப் புரை அகற்றல் மட்டும். ஓராண்டு முடிவில், துளிமருந்தின்றி அமுக்கம் 21 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டாதிருந்தோர் குழாய் வைத்த பகுதியில் 72 சதவீதம்.

விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த 72ஐயே உரத்துக் கூறும். ஆனால் மறு பகுதியில் எத்தனை? 50 சதவீதம்! குழாயே வைக்காதவர்களிற் பாதிப்பேர், புரையை அகற்றியதனால் மட்டும் அதே இலக்கை எய்தினர். எனவே நூறு பேருக்குக் குழாய் வைத்தால், ஐம்பதின்மர் அஃதின்றியே பயன் பெற்றிருப்பர். இருபத்தெண்மர் அது இருந்தும் இலக்கை அடையார். குழாய்க்கு நன்றி சொல்லவேண்டியோர் இருபத்திருவர். இரண்டாம் ஆண்டின் முடிவில் அளந்தபோது 61க்கு 50 என்றாயிற்று. இருபத்திருவர் பதினொருவராகச் சுருங்கினர். இவ்வெண்கள் நம் கற்பனையல்ல. வைத்திய ஏடுகளில் வெளியானவை. கணிதம் கற்பிக்கும் நம் சகோதர ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலே கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

நியாயம் தவறாதிருக்க மறுபுறத்தையும் கூறவேண்டும். பின்னர் வந்த ‘ஹைட்ரஸ்’ என்னும் கருவியை 556 கண்களில் ஆராய்ந்தனர். ஐந்தாண்டின் முடிவிலே துளிமருந்து வேண்டாதிருந்தோர் கருவியோடு 66 சதவீதம், கருவியின்றி 46 சதவீதம். மீண்டும் பெருஞ் சத்திரசிகிச்சை தேவைப்பட்டோர் கருவியோடு 2.4 சதவீதம், கருவியின்றி 6.2 சதவீதம். இது சிறிய வேறுபாடன்று. பார்வையைக் காக்கும் வேறுபாடு. ஆகவே இக்கருவிகள் வெறும் ஏமாற்று என்று நாம் கூறவில்லை. அளவோடு பயன் தருவன. அளவின்றிப் புகழப்படுவன என்றே கூறுகின்றோம்.

இந்த அளவிறந்த புகழ் எங்கிருந்து வருகின்றது? இங்கேதான் நம் ஆசிரியரின் கேள்வி உயிர்பெறுகின்றது. இணைந்த சிகிச்சை பெற்ற நோயாளி கட்டவிழ்த்த மறுநாள் உலகைப் புதிதாகக் காண்கின்றான். நிறங்கள் துலங்குகின்றன, எழுத்துக்கள் தெரிகின்றன. ‘குழாய் வைத்தார்கள், கண் திறந்தது’ என்று ஊரெல்லாம் கூறுகின்றான். அவனுக்குப் பார்வை தந்தது புதிய வில்லை, குழாயன்று. குழாயின் பயன், அது மெய்யாகவே இருப்பினும், கண்ணுக்குத் தெரியாதது. பத்தாண்டின் பின் அவன் இழக்காதிருக்கும் பார்வையே அது. இழக்காத ஒன்றை எவன் எண்ணிப் பார்ப்பான்? ஆக, ஒரு சிகிச்சையின் புகழை மற்றொரு சிகிச்சை கவர்ந்துகொள்ள மிக வசதியான ஏற்பாடு இந்த இணைப்பு. விற்போன் இதனை அறிவான். வாங்குவோன் அறியான். அறியாதிருப்பதற்காகவே அந்த ஒரு சொல் பிரசுரத்தில் அச்சேறவில்லை.

‘சந்தையே தவறைத் திருத்திக்கொள்ளும்’ என்பாரும் உளர். அவர்கள் ‘சைப்பாஸ்’ என்னும் கருவியின் வரலாற்றைப் படிக்கவேண்டும். இதுவும் புரைச் சத்திரசிகிச்சையோடு வைக்கப்பட்டது. 2016 ஜூலையில் அனுமதி பெற்றது. ஈராண்டு ஆய்வின் பெறுபேறுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அதே நோயாளிகளை ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்கள் கருவி வைத்தோரிடம் சுமார் 20 சதவீதமும் வைக்காதோரிடம் சுமார் 10 சதவீதமும் குறைந்திருந்தன. இக்கலங்கள் ஒருமுறை மடிந்தால் மீள வளர்வன அல்ல. அளவுக்கு மேல் மடிந்தால் விழிவெண்படலம் மங்கும். 2018 ஓகஸ்ற்றில் அல்கொன் கம்பனி உலகச் சந்தை முழுவதிலுமிருந்து அதனை மீட்டுக்கொண்டது. மீட்டுக்கொண்டது நன்றே. எனினும் கடையிலிருந்து மீட்டதைக் கண்ணிலிருந்து மீட்பது அத்துணை எளிதன்று. கருவியை ஏற்ற நோயாளிகள் தம் கண்ணையும் சேர்த்து வாழ்நாட் சோதனைக்கு ஒப்படைத்தவராயினர். இங்கு திருத்தியது சந்தையன்று. ஐந்தாண்டு பொறுத்து, எண்ணி, எழுதிய ஆய்வு. அப்பொறுமை இலாபத்தின் இயல்பன்று; அதனைச் சட்டமே கட்டாயப்படுத்தவேண்டும்.

1961இல் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக, இறந்தோரின் விழிவெண்படலங்களைப் பல நாடுகளுக்கு விலையின்றி அனுப்பிய தேசம் நம்முடையது. நம் விவசாயியும் மீனவனும் உலகுக்கு இலவசமாக ஈந்த அதே மெல்லிய படலத்தை, விலைகொடுத்து வாங்கிய கருவி அரிக்க நேர்ந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

சந்தையின் மனச்சாட்சி எங்கிருக்கின்றது என்பதற்கு மற்றுமொரு சான்று. 2021 ஜூலையில் ஐக்கிய அமெரிக்க அரசின் முதியோர் காப்புறுதித் திட்டம், புரையோடு சேர்த்துக் குழாய் வைக்கும் வைத்தியருக்குரிய கட்டணத்தைப் பெரிதும் குறைக்கப் போவதாக ஒரு முன்மொழிவை வெளியிட்டது. கிளாவ்கோஸ் கம்பனியின் பங்குகள் உடனே சரிந்தன. நோய் மாறவில்லை; கருவி மாறவில்லை; ஆய்வின் எண்களும் மாறவில்லை. மாறியது கட்டணம் ஒன்றே. கண்ணின் பெறுமதியைக் கட்டணப் பட்டியலிலே அளக்கும் உலகம் அது.

‘கருவி விலை கூடியது; நாம் என் செய்வோம்?’ என்று கைவிரிப்போருக்கு விடை கூறுவோம். அடிகாலைத் திறப்பதற்கு விலையுயர்ந்த கருவிதான் வேண்டுமென்பது பொய். சத்திரசிகிச்சைக் கூடத்திலே கிடக்கும் சாதாரண ஊசியின் நுனியை வளைத்து, அதனாலேயே அடைபட்ட வலையிழையத்தைக் கீறி அகற்றும் முறை உண்டு. தைக்கும் நூலையே சிலெம் கால்வாய் முழுவதும் சுற்றிச் செலுத்தி, அதன் உட்சுவரைப் பிளக்கும் முறை உண்டு. யப்பானிய வைத்தியர் தனிற்றோ வடிவமைத்த சிறு கொக்கி, கொதிநீராவியிற் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்கது. இம்முறைகளால் முன்னறையிலே குருதி கசிவதுண்டு. அது பெரும்பாலும் தானே கரையும். இவற்றுக்குக் கோணத்தைக் காட்டும் வில்லை வேண்டும். நல்ல நுணுக்குக்காட்டி வேண்டும். யாவற்றுக்கும் மேலாகப் பயின்ற கை வேண்டும். கருவிக்கு முகவர் உண்டு, மாநாடு உண்டு, விருந்து உண்டு. வளைத்த ஊசிக்கு முகவர் இல்லை. கருவிகளுக்கு உள்ள அளவு பெரிய ஆய்வுகள் இவ்வெளிய முறைகளுக்கு இல்லாதிருப்பதன் இரகசியமும் இதுவே. ஊசியை ஆராயப் பணம் தரும் முதலாளி யார்?

விலை என்பது இயற்கையின் நியதியன்று. 1949இல் இலண்டனில் ஹரோல்ட் றிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணில் வைத்தார். நெடுங்காலம் அது வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. 1976இல் பதினொரு கட்டில்களோடு மதுரையிலே கோவிந்தப்ப வெங்கடசாமி தொடக்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1992இல் ‘ஓரோலாப்’ என்னும் தன் தொழிற்சாலையிலே வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கியது. இறக்குமதி வில்லையின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அவை கிடைத்தன. பின்னர் முற்றிய குளுக்கோமாவுக்கான வடிகாற் கருவியையும் அத்தொழிற்சாலை அவ்வாறே மலிவாக்கியது. காத்திருந்தவர்களுக்கு விஞ்ஞானம் தானாக இறங்கி வரவில்லை. இறக்கிக் கொண்டுவரப்பட்டது!

இந்தப் பாடத்தை நாம் அயலவரிடமிருந்து மட்டும் கற்கவேண்டியதில்லை. 1971இல் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலையும் இந்நாட்டின் மருந்து நிருவாகத்தைப் பற்றிய அறிக்கையை அளித்தனர். அவ்வாண்டே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. மருந்தை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப் பெயரால் அழை. தேவையானதை மட்டும் தெரிந்தெடு. மொத்தமாகக் கேள்வி விலை கோரி வாங்கு. வைத்தியனுக்கு விற்பனையாளன் அல்லாத ஒருவன் அறிவு புகட்டட்டும் என்பனவே அவர் கொள்கையின் சாரம். கருவிகள் கண்ணுக்குள் புகும் இக்காலத்துக்கு அக்கொள்கை முன்னிலும் பொருந்தும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்தை மட்டுமன்றி வைத்தியக் கருவிகளையும் தன் அதிகாரத்துள் அடக்கியுள்ளது. சட்டம் ஏட்டில் உண்டு. அதனைக் கேள்வி கேட்டு உழைக்கச் செய்யும் மக்கள் வேண்டும்.

ஆகவே நாம் கோருவன இவை.

முதலாவது, கண்புரைக்காக அரசாங்க வைத்தியசாலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சத்திரசிகிச்சையின் முன் கண்ணின் அமுக்கம் அளக்கப்படவேண்டும். பார்வை நரம்பும் முன்னறைக் கோணமும் பார்க்கப்படவேண்டும். நோய் இருப்பதே அறியப்படாத இடத்தில் இணைந்த சிகிச்சை பற்றிப் பேசுவதிற் பொருளில்லை. கோணம் மூடிய வகையினர் ஆசிய மக்களிடையே ஐரோப்பியரிடையே உள்ளதினும் அதிகம். அவர்களுட் பலருக்கு வில்லையை அகற்றுவதே நல்ல சிகிச்சை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. அவர்களுக்குத் திறந்தகோணத்துக்குரிய குழாயை விற்பது வைத்தியமன்று. முற்றிய நோயாளருக்கும் நுண்வழி போதாது. ஏழைகளோ முற்றிய பின்பே வருகின்றனர். காலத்தோடு கண்டறிதலே அவர்களுக்குச் செய்யும் முதற் சேவை.

இரண்டாவது, லேசருக்கு உரிய இடம் தரப்படவேண்டும். 2019இல் வெளியான ஆங்கிலேய ஆய்விலே, முதலில் லேசர் பெற்றவர்களில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் மூன்றாண்டின் பின்னும் துளிமருந்தின்றி இருந்தனர். ஓர் இயந்திரம் ஆயிரம் கண்களுக்கு உதவும். ஒரு குழாய் ஒரு கண்ணுக்கே.

மூன்றாவது, ஊசி, நூல், கொக்கி ஆகியவற்றால் அடிகாலைத் திறக்கும் முறைகள் நம் வைத்தியர்க்குப் பயிற்றப்படவேண்டும். அவற்றின் விளைவுகள் ஐந்தாண்டுக்குக் குறையாமற் பதிவுசெய்யப்படவேண்டும். எவரும் பணம் தராத ஆய்வைப் பொதுப் பணத்தாற் செய்வதே ஒரு மக்கள் அரசின் கடமை.

நான்காவது, கருவிகளை வாங்கின் பொதுப் பெயரால், வெளிப்படையான கேள்வி விலையால், யாருக்குத் தேவையோ அவருக்கென வாங்கவேண்டும். பையிலே பணமுள்ளவனின் கண் என்றும் இல்லாதவனின் கண் என்றும் இருவகைக் கண்கள் இல்லை.

ஐந்தாவது கோரிக்கை எம்மையே நோக்கியது. நோயாளியிடம் கையொப்பம் பெறும் தாள் அவன் தாய்மொழியில் இருக்கவேண்டும். அதில் மூன்று வினாக்களுக்கு விடை இருக்கவேண்டும்: போன பார்வை திரும்புமா? இக்கருவி இன்றிப் புரையை மட்டும் அகற்றினால் என்ன நிகழும்? ஐந்தாண்டின் பின் என்ன தெரிந்திருக்கின்றது? இவற்றைத் தமிழில் எழுத இயலாது என்று கூறுவோர் தமிழையும் அறியார், நோயையும் அறியார். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்று வந்த தலைமுறையினர் நாம். அக்கல்வியைப் பரீட்சைத் தாளோடு முடித்துவிட்டு, கண் போகும் வேளையிலே ஆங்கிலப் பிரசுரத்தின் முன் ஊமையாய் நிற்பது நமக்கு இழுக்கு. ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்தோறும் வாசிகசாலைகளிலே இதனை விளக்க முடியும். நாற்பது வயதைக் கடந்தோர், குடும்பத்தில் குளுக்கோமா உள்ளோர் ஆகியோரைச் சோதனைக்கு அழைத்துச் செல்ல முடியும். அதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை.

நம் ஆசிரியர் இறுதியில் அரசாங்க வைத்தியசாலையிலேயே புரையை அகற்றிக்கொண்டார். குழாய் வைக்கப்படவில்லை. அங்கு அது இல்லை. துளிமருந்து தொடர்கின்றது. எழுத்துக்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று மகிழ்கின்றார். ஆயினும் வாசலிலே நிற்கும்போது இடப்புறம் வரும் சைக்கிள் அவருக்குத் தெரிவதில்லை. அப்பார்வை போனது போனதே. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எவராவது அவர் கண்ணின் அமுக்கத்தை ஒரு நிமிடம் அளந்திருந்தால் அது போயிராது. அந்த ஒரு நிமிடத்துக்குக் காப்புரிமையுமில்லை, முகவருமில்லை. அதனாலேயே அது எவராலும் அவருக்கு வழங்கப்படவில்லை.

அந்த நிமிடத்தையும், வளைத்த ஊசியையும், வேண்டுமிடத்துக் குழாயையும் ஒருங்கே உரிமையாகக் கேட்போம். விஞ்ஞானம் தானாக வந்து சேரும் என்று வாசலில் அமர்ந்திருப்பதும் தவறு. வந்தாலும் வேண்டாவெனக் கதவடைப்பதும் தவறு. அதனைப் படைத்தது மனித உழைப்பு. அதன் பயனும் உழைக்கும் மனிதனுக்கே உரியது.